பராக்குப் பார்க்கிற பிள்ளை கவனமில்லாத பிள்ளையா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "என் பையனுக்கு 5 வயசு. எழுத உட்கார வெச்சா, யார் குறுக்க போனாலும் பராக்குப் பார்க்குறான். டிவி ஓடிட்டிருந்தாலும் நான் என் வேலையைப் பார்க்குறேனே, அவனால ஏன் முடியலை?"ன்னு கேட்கிறாங்க.

அவன் வேணும்னு பண்ணலைம்மா, அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க. வேண்டாததை ஒதுக்குற வேலையில நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு இருக்கு. அது முழுசா முதிர்றதுக்கு 25 வயசு கிட்ட ஆகிடும். உங்களுக்கு இருக்கிற அந்தத் திறன் அவனுக்கு இன்னும் வளர்ந்துட்டுதான் இருக்கு.

ஆனா இதைக் குறையா மட்டும் பார்க்காதீங்க. 2017-ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு வந்துச்சு. திரையில சிவப்புல ஒரு உருவம், அது மேலயே பச்சையில இன்னொண்ணு. "இந்த நிறத்தை மட்டும் பாருங்க"ன்னு சொல்லிட்டு, படத்தை மறைச்சு மறுபடி காட்டி, ஏதாவது மாறியிருக்கான்னு கேட்டாங்க. பார்க்கச் சொன்ன உருவம் மாறினப்ப பெரியவங்க 94 சதவீதத் தடவை சரியா கண்டுபிடிச்சாங்க, 4, 5 வயசுப் பிள்ளைங்க 86. பார்க்கச் சொல்லாத உருவத்தை மாத்தினப்ப? பிள்ளைங்க 77, பெரியவங்க 63 தான்! கண்ணு முன்னாடியே இருந்தது நமக்குப் பதியலை, அவங்களுக்குப் பதிஞ்சிருக்கு. எது தேவைப்படும்னு இன்னும் தெரியாத வயசுல எல்லாத்தையும் உள்ள வாங்கிக்கிறது நல்லதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா படிக்கிற நேரத்துல அதுவே இடைஞ்சல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 2014-ல பார்த்தாங்க: சுவர் முழுக்கப் படம் ஒட்டின வகுப்புல பாடம் கேட்ட சின்னப் பிள்ளைங்க 42 சதவீதக் கேள்விகளுக்குச் சரியா பதில் சொன்னாங்க, வெறும் சுவர் இருந்த வகுப்புல 55. அதே பிள்ளைங்கதான்.

அதனால அவனைத் திட்டுறதை விட்டுட்டு இடத்தை மாத்துங்க. எழுதும்போது டிவியை நிறுத்திடுங்க. மேசையில அந்த ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும், பொம்மை கண்ணுல படவே கூடாது. இன்னொரு அறையிலிருந்து கத்திச் சொல்லாதீங்க, சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சுக் கேட்கிறதும் பிள்ளைங்களுக்கு நம்மைவிடக் கஷ்டம். பக்கத்துல போய், முகம் பார்த்துச் சொல்லுங்க.

பிடிச்ச விளையாட்டுல கூட நிலைக்கலை, கூப்பிட்டாலும் திரும்பலைன்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. காதையும் கண்ணையும் முதல்ல பரிசோதிக்கச் சொல்லுங்க.