கொரோனா காலத்தில் அமெரிக்கக் குடிவரவுத் துறையான ஐஸின் (ICE) காவலில் இருந்தவர்களை எப்படி வெளியே விட்டார்கள்?

அடுத்த கேள்வி. 'அமெரிக்காவில் சட்டத்தை மீறித் தங்கியவர்களைத்தானே பிடித்து வைத்திருந்தார்கள், கொரோனாவைக் காரணம் காட்டி அவர்களை எப்படி வெளியே விட முடியும்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். குடிவரவுத் துறையான ஐஸின் காவலில் இருப்பவர் தண்டனை அனுபவிப்பவர் அல்ல. நாடு கடத்தும் வழக்கு முடியும்வரை ஆள் தலைமறைவாகிவிடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சட்டப்படி அது சிவில் காவல். விசா முடிந்தும் தங்கியவர், எல்லையில் அடைக்கலம் கேட்டவர் என்று பலரும் அதில் உண்டு. பழைய குற்றத்துக்குச் சிறை சென்று வந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அந்தத் தண்டனை முடிந்துவிட்டது. தண்டிக்கும் நோக்கமே இல்லாத காவலில் ஒருவரை உயிராபத்தில் வைத்திருந்தால் அதுவே தண்டனை ஆகிவிடும், அது, முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்துக்கு எதிரானது என்றுதான் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள்.

சரி, உள்ளே நிலைமை என்ன? பல மையங்களில் ஒரே கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள், பொதுக் கழிப்பறை. ஆறடி தள்ளி இரு என்றால் எங்கே போவது? சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். பென்சில்வேனியாவில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 2020 மார்ச் 31 அன்று, நோயுள்ள சிலரை உடனே விடச் சொன்னார். ஏப்ரல் 20 அன்று கலிபோர்னியாவில் நீதிபதி பெர்னால் போட்ட உத்தரவு நாடு முழுவதற்கும் ஆனது. 55 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகள் யார் யார் என்று கண்டறிந்து, ஒவ்வொருவரையும் இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள் என்றார். கவனியுங்கள், எல்லோரையும் திறந்துவிடச் சொல்லவில்லை.

அப்படியும் மே 6 அன்று, சான்டியாகோ பக்கம் ஓட்டாய் மேசா மையத்தில் இருந்த சர்க்கரை நோயாளி ஒருவர் இறந்துபோனார். ஐஸ் காவலில் கொரோனாவுக்குப் பலியான முதல் ஆள் அவர். எத்தனையோ பேர் முன்கூட்டியே எச்சரித்த பிறகு நடந்தது இது.

மனுக்களை எல்லா நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பென்சில்வேனியாவில் ஜோன்ஸ் அடுத்து இன்னொரு குழுவுக்குக் கொடுத்த விடுதலை உத்தரவை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் ரத்து செய்தது. பெர்னாலின் உத்தரவும் 2021 அக்டோபரில் மேல்முறையீட்டில் ரத்தானது.

வெளியே வந்தவர்களின் வழக்கு நின்றுவிடவில்லை. காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டுவது, குறித்த நாளில் வந்து ஆஜராகச் சொல்வது, இதெல்லாம் கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே ஐஸ் கையில் இருந்த வழிகள். அப்புறம் நோயாளியை உள்ளேயே வைத்திருக்க என்ன அவசியம் என்று கேட்டால், எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.