35 ரூபாய் 40 காசு, கேப்டன், அப்புறம் வரப்போகிற படங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு 2025 ஆகஸ்ட் 24, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்று இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பேச வழியில்லை. வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அப்பா 'ஆட்டமா தேரோட்டமா' பாட்டை நிறுத்தவே இல்லை.

ரஜினியோட 'கூலி' எப்படி, மறுபடியும் வந்திருக்கும் விஜயகாந்தோட 'கேப்டன் பிரபாகரன்' எப்படி என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் 35 ரூபாய் 40 காசைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஒரு டிக்கெட்டை ஆன்லைனில் போட்டால் டிக்கெட் விலைக்கு மேல் 30 ரூபாய் கட்டணம், அந்த 30 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 5 ரூபாய் 40 காசு. இது ஒரு டிக்கெட்டுக்கு. நான்கு டிக்கெட் எடுத்தால் நான்கையும் ஒரே தட்டலில்தான் போடுகிறோம், பணமும் ஒரே தடவைதான் போகிறது, ஆனால் கட்டணம் மட்டும் நான்கு தடவை. 141 ரூபாய் 60 காசு! டிக்கெட்டுக்குள்ளேயே வரி இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை, அது அரசாங்கத்துக்குப் போகிறது. இந்த முப்பது ரூபாய் எந்த வேலைக்கு? சீட்டைத் தேர்ந்தெடுப்பது நான், பேரை அடிப்பது நான், ஓடிபி போடுவது நான், வாசலில் போய் செல்போனை நீட்டுவதும் நான்.

சரி, பணம் போனால் போகட்டும் என்று விடலாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

அக்காவையும் அவள் மகனையும் உங்களுக்குத் தெரியும், தீபாவளி வீடியோவில் சரவெடியை மாடியிலிருந்து தொங்கவிட்டானே, அவன்தான். திருமங்கலத்திலிருந்து இரண்டு பேரும் 'கூலி' பார்க்க வந்தார்கள். அக்காதான் டிக்கெட் போட்டாள், எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நான்கு. பையனுக்கு ஒன்பது வயது. கறுப்புச் சட்டை, கூலிங் கிளாஸ். காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் 1421 என்று எழுதி, நூல் கோத்துக் கையில் கட்டியிருந்தான். படத்தில் தலைவர் கட்டியிருக்கும் கூலி பேட்ஜ் நம்பர் அது. டைரக்டர் லோகேஷோட அப்பா பஸ் கண்டக்டராக இருந்தபோது வைத்திருந்த நம்பர் என்று அவரே சொன்னார் இல்லையா, அதையும் இவன் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் டிரைவருக்கு விளக்கிக்கொண்டு வந்தான்.

வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஏ சான்றிதழ். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளே விடக் கூடாது, அதுதான் சட்டம். நிறுத்தியவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "தம்பி, பெரிய பையனானதும் வாங்க" என்றார். இவன் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுகிறான் என்று எங்களுக்குத் தெரிகிறது, ஆனால் கழற்றவில்லை. "மாமா, நீயும் தாத்தாவும் போங்க, கதையைச் சொல்லாதீங்க" என்றான். அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பணம் திரும்ப வரவில்லை. டிக்கெட் போடும்போது 'ஏ' என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. பாப்கார்ன் சேர்க்கவா, காப்பீடு சேர்க்கவா என்று திரை முழுக்கக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, கூட வருவதில் குழந்தை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. ஹவுஸ்ஃபுல் காட்சியில் எங்கள் பக்கத்தில் இரண்டு சீட் மட்டும் கடைசி வரை காலியாகக் கிடந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை 'கேப்டன் பிரபாகரன்' மறுவெளியீட்டுக்கு நான் நேராகக் கவுண்ட்டருக்கே போய்விட்டேன். எந்தத் தியேட்டர் என்று கேட்காதீர்கள், பழைய ஆட்களுக்குத் தெரியும், நான் எப்போதும் பால்கனி முதல் வரிசை பிடிக்கும் இடம்தான். கம்பிக்குப் பின்னால் கையளவு ஓட்டை, கையை உள்ளே விட்டால் கவுண்ட்டரில் இருப்பவர் சில்லறையோடு டிக்கெட்டைச் சேர்த்து உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். ரோஸ் நிறத் தாள். சீட் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, பக்கத்தில் இருக்கும் வரைபடத்தில் அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடிக்கிறார். முதல் வரிசை இடது பக்கம் மூன்று வேண்டும் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "அங்க வேணாம் தம்பி, ஏசி தண்ணி சொட்டுது, நடுவுல தர்றேன்" என்றார். யோசித்துப் பாருங்கள் மக்களே. எந்தச் செயலி இதைச் சொல்லும்? இவர் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமும் சொல்லியிருப்பார், "ஏ படம்மா, பையனைக் கூட்டிட்டு வராதீங்க" என்று. அதற்கு முப்பது ரூபாய் கேட்டால் நான் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன், அவர் கேட்கவே இல்லை.

டிக்கெட் 100 ரூபாய். நான், அப்பா, அப்பாவோட நண்பர் ஒருவர், மூன்று பேர். ஆன்லைனில் போட்டிருந்தால் கட்டணம் மட்டும் 106 ரூபாய் 20 காசு, அந்தக் காசில் நான்காவதாக ஒரு ஆளே உள்ளே வரலாம். மிச்சமான பணத்தில் இடைவேளையில் மூன்று பேரும் டீ, சமோசா சாப்பிட்டோம். படம் முடிந்து சிம்மக்கல் பக்கம் வந்து பருத்திப்பாலும் குடித்தோம், சுக்கு தூக்கலாக. அதற்கும் சேர்த்து அந்த 106 ரூபாய் போதவில்லைதான், ஆனால் என் காசு என் வயிற்றுக்குப் போனது.

படத்துக்கு வருகிறேன். 1991 ஏப்ரல் 14, தமிழ் வருடப் பிறப்பு அன்று வந்த படம். விஜயகாந்துக்கு நூறாவது படம். நூறாவது படம் சரியாகப் போகாது என்று சினிமாவில் ஒரு பயம் உண்டு, அதை உடைத்த படம். 'கேப்டன்' என்ற பேரே இதற்கு அப்புறம்தான் அவரோடு ஒட்டிக்கொண்டது. நாளைக்கு, ஆகஸ்ட் 25, அவரோட பிறந்த நாள், அதை ஒட்டித்தான் 4கே-யில் மறுபடியும் விட்டிருக்கிறார்கள். மதுரையில் இது மற்ற ஊரில் பார்ப்பது மாதிரி கிடையாது. திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, அப்பாவோட ரைஸ் மில்லில் நின்ற ஆள். அப்பாவோட நண்பர் தியேட்டர் வாசலில் பேனருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிட்டார்.

மன்சூர் அலிகான் வீரபத்திரனாக வருகிற முதல் காட்சியிலேயே படம் பிடித்துவிட்டது. இன்றைக்கு வில்லன் என்றால் கோட்டு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தத்துவம் பேசுகிறான். இவர் காட்டுக்குள் நின்று சும்மா திரும்பிப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஆர்.கே. செல்வமணி இதை இரண்டாவது படமாக எடுத்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை, அத்தனை யானை, அத்தனை கூட்டம், கம்ப்யூட்டரில் எதுவுமே கிடையாது. அப்புறம் அந்தப் பாட்டு. இளையராஜா அந்தத் தாளத்தை ஆரம்பித்ததும் பால்கனியே எழுந்துவிட்டது. ஸ்வர்ணலதா குரல் வந்ததும் ஒரு நொடி எல்லாரும் அமைதியாகிவிட்டு, அப்புறம் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த மனிதர், என் அப்பா, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினார். வீடியோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும், திரை ஓடும்போது நான் செல்போனை வெளியே எடுக்க மாட்டேன்.

புதிய ஒலியில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. சண்டைக் காட்சியில் அடி விழும் சத்தத்தை மேலும் ஏற்றிவிட்டார்கள், அதில் பின்னணி இசை அமுங்குகிறது. பழைய அளவிலேயே விட்டிருக்கலாம்.

ஒரு நிமிடம், 'கூலி' எப்படி என்று சொல்லாமலே தாண்டி வந்துவிட்டேன். முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது. சௌபின் சாகிர்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், 'மோனிகா' பாட்டில் அவர் ஆடும்போது தியேட்டரில் விழுந்த விசில் நாகார்ஜுனாவுக்குக்கூட விழவில்லை. இரண்டாம் பாதியில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், கதை நகரவில்லை. ஆமிர் கான் வரும் இடம் எனக்கு வேண்டாம். ஆனால் 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மனிதர், ஐம்பது வருடம் கழித்து ஃபிளாஷ்பேக்கில் பீடியைப் பற்ற வைக்கும்போது அத்தனை குறையும் மறந்துபோகிறது. ஏ சான்றிதழ் மட்டும் வாங்காமல் இரண்டு மூன்று வெட்டுக் குத்தைக் குறைத்திருக்கலாம். தலைவர் படம் குழந்தைகளுக்கு இல்லை என்றால் யாருக்கு? அந்த அட்டை பேட்ஜ் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது, அக்கா மகன் மறந்துவிட்டுப் போய்விட்டான்.

முதல் நாள் காட்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான், அதற்கு முன்னால் அனுமதி கிடையாது. கம்பத்தில் இருக்கும் என் நண்பன் மலையேறிக் கேரளாப் பக்கம் போய் 6 மணிக் காட்சி பார்த்துவிட்டு, இங்கே ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே இடைவேளைக் கதையைக் குரல் செய்தியில் அனுப்புகிறான். நான் கேட்காமலே அழித்துவிட்டேன்.

'தலைவன் தலைவி' எப்போது என்று கேட்டவர்களுக்கு, தியேட்டரில் இனி தேட வேண்டாம். ஜூலை 25 அன்று வந்த படம், இந்த வெள்ளிக்கிழமை ஓடிடியில் வந்துவிட்டது. நான்கே வாரம்! மதுரைப் பரோட்டா மணத்தோடு குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துக்கொண்டிருந்த படம் அது. அதில் கணவன் மனைவியாக வரும் ஆகாசவீரனும் பேரரசியும் போடும் சண்டைக்குப் பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பை நம் வீட்டு டிவியில் கேட்க முடியாது. எட்டு வாரமாவது விடுங்கள் என்று தியேட்டர்காரர்கள் கேட்பது நியாயம்தான்.

சரி, வரப்போகிற படங்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி 'மதராஸி', முருகதாஸும் சிவகார்த்திகேயனும். முருகதாஸ் திரும்பி வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன், அதனால் முதல் நாளே போகிறேன். அதே சிவகார்த்திகேயனை வைத்து சுதா கொங்கரா எடுக்கும் படத்துக்குப் 'பராசக்தி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரைக் கேட்டதும் மதுரைக்காரனுக்கு முதலில் தங்கம் தியேட்டர்தான் ஞாபகம் வரும். 1952 தீபாவளிக்குச் சிவாஜியோட முதல் படமான 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர், 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று பேர். இப்போது அந்த இடத்தில் தியேட்டர் இல்லை. புதுப் 'பராசக்தி' வரும்போது அப்பாவை அந்தத் தெருவில் நிற்க வைத்து ஒரு வீடியோ எடுக்கப் போகிறேன், அவர் அங்கே வரிசையில் நின்ற கதையெல்லாம் சொல்வார். சட்டை கிழிந்த கதையும் உண்டு.

அக்டோபர் 1 'இட்லி கடை'. தனுஷ் இயக்கம், தேனிப் பக்கத்து மண். 'ப. பாண்டி' எடுத்த தனுஷ்தான் எனக்கு வேண்டும், 'ராயன்' எடுத்த தனுஷ் வேண்டாம். அதற்கப்புறம் 17-ஆம் தேதி தீபாவளிக்கு மாரி செல்வராஜோட 'பைசன்', துருவ், கபடி. இந்த வருடம் நான் அதிகமாக எதிர்பார்ப்பது இதைத்தான். மாரி செல்வராஜ் ஒரு விலங்கைக் காட்டினால் அது வெறும் விலங்காக இருக்காது, அவரோட 'கர்ணன்' படத்தில் கழுதையின் காலைக் கட்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துருவ் இதற்காக வருடக்கணக்கில் கபடி ஆடிப் பயிற்சி எடுத்திருக்கிறார். உடம்பு போட்ட உழைப்பு திரையில் தெரிய வேண்டும்.

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் கவுண்ட்டரில்தான் டிக்கெட். முன்பதிவு எந்த நாள் தொடங்குகிறது என்று வெள்ளிக்கிழமை அந்த மனிதரிடம் கேட்டேன், "மதராஸிக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்க, தர்றேன்" என்றார். மதுரையில் வேறு எந்தத் தியேட்டரில் கவுண்ட்டரில் முன்பதிவு செய்யலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் எல்லாருக்கும் சொல்கிறேன். ஆரப்பாளையம், காளவாசல் பக்கத்துக்காரர்கள் முக்கியமாக எழுதுங்கள். அக்கா மகனுக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும், முதலில் 'மதராஸி' சான்றிதழ் என்னவென்று வரட்டும். அப்பா கூப்பிடுகிறார், சாப்பிடப் போகிறேன். வருகிறேன் மக்களே.