ஆயிரத்துக்கு எத்தனை: கொழும்பின் பழைய சிசு மரணக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பு நகரில் ஒரு வயது நிறையும் முன்னே இறந்துபோன குழந்தைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார் கலங்க வேண்டாம். இன்று இந்நாட்டில் அவ்வாறு இறப்பவை ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு.

சிசு மரண வீதம் என்பது, ஓராண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு அதே ஆண்டில் ஒரு வயதுக்குள் இறந்தவை எத்தனை என்ற கணக்கு. கணக்கு எளிது, ஆனால் நகரம் முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்லி முடிப்பதில் எனக்கு நெடுங்காலமாகவே உடன்பாடில்லை. கறுவாத்தோட்டத்து மாளிகையில் பிறந்த குழந்தையையும் கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் எட்டுப் பேரோடு பிறந்த குழந்தையையும் கூட்டி வகுத்தால் வரும் எண், இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது. போதாததற்கு, 1879இல் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ விடுதிக்கு வெளியூரிலிருந்து வந்து பெற்றுக்கொண்டு திரும்பிய தாய்மார் நகரத்தின் பிறப்புக் கணக்கைக் கூட்டினார்கள். அக்குழந்தை பின்னர் தன் ஊரில் இறந்தால் அந்த இறப்பு நகரத்துக் கணக்கில் விழாது. ஆகவே எந்த வீதியில், எத்தனை நாள் வயதில் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீதி. கொம்பனித்தெரு, மருதானை, வாழைத்தோட்டம், ஜிந்துப்பிட்டி ஆகிய இடங்களில் 'தோட்டம்' என்று சொல்லப்பட்ட வளவுகளை அறிந்தவர்கள் இன்றும் உண்டு. ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கமாக அடுக்கப்பட்ட அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், பொதுவாகச் சில வாளி மலகூடங்கள், நடுவே திறந்த கான். லபுகமவிலிருந்து குழாய்நீர் 1886இலேயே நகருக்கு வந்துவிட்டது. ஆயினும் நல்ல நீர் வருவது ஒன்று, கழிவு வெளியேறுவது வேறொன்று. நிலத்தடி வடிகால் இல்லாத வளவில் ஈக்கு வாளியிலிருந்து பால் கிண்ணத்துக்குப் பறக்க அதிக நேரம் பிடிக்காது.

அடுத்து வயது. பிறந்து ஏழு, எட்டு நாளில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடல் விறைத்து இறந்த குழந்தைகளைப் பதிவேடு 'வலிப்பு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். அவற்றுள் பல, தூய்மையற்ற கத்தியால் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்டதால் வந்த ஏற்புவலி, அதாவது டெட்டனஸ். சில மாதங்கள் கடந்து இறந்தவையோ பெரும்பாலும் வயிற்றோட்டத்தாலும் சளிக்காய்ச்சலாலும் போயின. தாய் கூலிக்குப் போக வேண்டிய வீட்டில், கொழுப்பு நீக்கிய இனிப்பு டின்பாலைக் கரைத்து, உள்ளே கழுவவே முடியாத நீண்ட இரப்பர்க் குழாய்ப் போத்தலில் ஊட்டிய காலம் அது. அத்தகைய பாலைப் பச்சிளங் குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரப்படுத்துவதைக் கொலை என்றே 1939இல் சிங்கப்பூர் மேடையில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சொன்னார். எனக்கு அதில் மறுப்பில்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்னும் கம்பளி ஆலை நகரில் பெஞ்சமின் பிராட்பென்ட் என்பவர் 1904இல் மேயரானார். லாங்வுட் என்ற பகுதியில் தம் பதவியின் முதலாண்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது தன் முதற் பிறந்தநாளைக் கண்டால், ஒரு பவுண் பணம் தருவதாக அவர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். கேட்பவருக்கு இது செல்வந்தரின் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அட்டையோடு, குழந்தையை எப்படி ஊட்டுவது என்ற அறிவுரையும் சென்றது. ஊர்ப் பெண்கள் சிலர் வீடு வீடாகச் சென்று குழந்தையைப் பார்த்து வந்தார்கள். அப்பகுதியின் மரண வீதம் முன்னைய அளவை விட வெகுவாகக் குறைந்தது. பவுண் எந்தக் குழந்தையையும் காப்பாற்றவில்லை, நேயர்களே; கதவைத் தட்டிய பெண் காப்பாற்றினார். அவர் சரியான வாரத்தில் தட்ட வேண்டுமானால், பிறப்பு நிகழ்ந்த செய்தி உடனே தெரிய வேண்டும். அதனால் 48 மணி நேரத்துக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும் என்று அந்நகரம் 1906இல் தனிச் சட்டமே பெற்றது. இலங்கையில் பிறப்புப் பதிவு 1867 முதல் இருந்தது. ஆனால் பதிய வாரக்கணக்கில் தவணை இருந்த நாட்டில், எட்டாம் நாள் இறக்கவிருந்த குழந்தையைத் தேடிப் போக அந்தப் பதிவேட்டால் என்ன பயன்?

கொழும்பு மாநகர சபை 1902இல் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தை நிறுவி, மார்ஷல் பிலிப்பை முதல் சுகாதார வைத்திய அதிகாரியாக்கியது. பின்னர் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் ஏழை வளவுகளுக்குள் இலவசமாகச் சென்றார்கள். கத்தியைக் கொதிநீரில் இட்ட அந்தப் பெண்களின் பெயரில் நகரில் ஒரு வீதியும் இல்லை என்பது என் மனக்குறை. வளவுகளின் நெருக்கத்தை ஒழுங்குபடுத்த 1915இல் வீடமைப்புச் சட்டம் வந்தது. 1921இல் பட்ரிக் கெடிஸ் எழுதிய நகர அமைப்பு அறிக்கையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், விட்டுவிடுகிறேன். களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவையும் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1935இல் இலங்கை முழுவதற்குமான வீதம் ஆயிரத்துக்கு 263. 1948இல் அது 92. முதல் எண்ணைப் பார்த்துக் கொழும்பு வீதிகளில் அவ்வாண்டு நான்கில் ஒரு குழந்தை இறந்ததாக எழுதுபவர்கள் உண்டு. அந்த எண்ணை உயர்த்தியது மலேரியா. அது பெரிதும் தாக்கியது கேகாலை, குருநாகல் பக்கத்து ஊர்களை. வணக்கம்.