பத்து நாள் அரிசி, ஒன்றரை நாள் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தராசையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளே இருப்பதை எடைபோட்டு எழுதினேன். இன்று முதல் வெளியிலிருந்து எதையும் வாங்க முடியாது என்றால், இருப்பதை வைத்து எங்கள் வீட்டில் நான்கு பேர் எத்தனை நாள் சாப்பிடலாம்? அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

இப்படிக் கேட்டால் உடனே வெள்ளமும் புயலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வீட்டில் இருவர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்துவிடலாம். சம்பளம் பதினைந்து நாள் தள்ளிப்போகலாம். கடை திறந்தே இருக்கும், நம்மால் போக முடியாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி அப்படித்தான் வந்து சேர்கிறது.

எடைபோட்டதில் 10 கிலோ அரிசி, 5 கிலோ கோதுமை மாவு, பருப்பும் பயறுமாக 3 கிலோ, 2 லிட்டர் எண்ணெய், 2 கிலோ சர்க்கரை இருந்தன. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரண உணவைத் திட்டமிடும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துக்கொள்கிறது. குழந்தைகள், உழைக்கிறவர்கள், முதியவர்கள் எல்லோரையும் சேர்த்த சராசரி அது. நான்கு பேருக்கு 8,400. ஒரு கிலோ அரிசி சுமார் 3,600 தரும். மாவும் பருப்பும் கிலோவுக்கு 3,400. சர்க்கரை 4,000க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லிட்டர் எண்ணெயோ 8,000க்கு மேல்! எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். பத்து நாளும் சில வேளைகளும் வந்தது.

புரதத்தையும் பார்த்தேன். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. நிம்மதியாக நோட்டை மூடினேன்.

ஆனால் அது தாளில் போட்ட கணக்கு. அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, மறுநாள் முதல் எதுவும் வாங்குவதில்லை என வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். முதல் மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த காய்கறியும் பாலும் கைகொடுத்தன. அந்த வரிசை சரியானது. முதலில் கெடக்கூடியது முதலில் போக வேண்டும். மின்சாரமும் நின்றுவிட்டால் அவகாசம் இன்னும் குறைவு: கதவைத் திறக்காமல் வைத்திருந்தால்கூடக் குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம்தான் பாதுகாப்பு. உறைபெட்டி நிரம்பியிருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருந்தால் 24.

ஐந்தாம் நாள் பயற்று டப்பாவைத் திறந்தோம். அலமாரியின் அடித்தட்டில், சுவரோரமாக, எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு கிலோ பயறு. முந்தின இரவே ஊறப்போட்டோம். காலையில் பாதிப் பயறு உப்பியிருந்தது, மீதி தோல் சுருங்கியபடியே கிடந்தது. அடுப்பில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எடுத்து விரலால் நசுக்கினால் நசுங்கவில்லை. மேலும் தண்ணீர் ஊற்றி இன்னும் முக்கால் மணி நேரம் வேகவைத்தோம். வெளிப்புறம் குழைந்தது, நடுவில் சுண்ணாம்பு போல ஒரு கடினம் மிச்சமிருந்தது. எண்பதை நெருங்கும் என் அம்மா ஒரு வாய் மென்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

பயறு கெட்டுப்போகவில்லை. வண்டு இல்லை, பூஞ்சணம் இல்லை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்தால் பயறு வகைகள் அப்படித்தான் வேகாத பயறாக இறுகிப்போகும். என் நோட்டில் அது 3,400 கிலோகலோரி. என் அம்மாவுக்கு அது உணவே இல்லை. அதை வேகவைக்கச் செலவான எரிவாயுவில் இரண்டு வேளைச் சோறு வடித்திருக்கலாம்.

அன்றைக்குத்தான் கணக்கின் ஓட்டை தெரிந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வகுத்திருந்தேன். ஆனால் பண்டங்கள் ஒன்றாகத் தீர்வதில்லை. ஏழாம் நாள் எண்ணெய் அடிமட்டத்தைத் தொட்டது. எண்ணெய் தீர்ந்தால் இரண்டு நாள் கலோரி போயிற்று என்று மட்டும் பொருளில்லை. வெறும் சோற்றையும் மாவையும் கொண்டு அதை ஈடுகட்ட வேண்டும், ஆகவே அவையும் வேகமாகக் கரையும். உப்பு ஒன்றே ஒரு பொட்டலம்தான் இருந்தது, அதையும் ஈரம் கட்டியாக்கியிருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது வெறும் ருசிக்காகச் சொன்னதல்ல. உப்பு இல்லாவிட்டால் பசித்தவர்கள்கூடப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார்கள், குறிப்பாகக் குழந்தைகள்.

இருப்பு எத்தனை நாள் வரும் என்பதை மொத்த எடை தீர்மானிப்பதில்லை. முதலில் தீரும் பொருள்தான் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் தீர்ந்திருக்கக்கூடியதை நான் எடைபோடவே இல்லை.

தண்ணீர்.

ஜெர்மனியில் பேரிடர் உதவிக்கான அரசு அலுவலகம், குடிக்கவும் சமைக்கவுமாக ஒருவருக்கு நாளுக்கு 2 லிட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது. ஜப்பானில் 3 லிட்டர் என்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்தாலும் எங்கள் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர். சேமித்து வைத்த குடிநீர் எங்களிடம் 12 லிட்டர்தான் இருந்தது. ஒன்றரை நாள்! குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் சோதனை நாள்களில் இது கண்ணில் படவே இல்லை. அரிசி, பருப்பு, மாவு எல்லாமே உலர்ந்த பண்டங்கள். தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் அவற்றில் ஒரு கைப்பிடியைக்கூடத் தின்ன முடியாது. பத்து நாள் அரிசியை வைத்துக்கொண்டு இரண்டாம் நாளே பட்டினி கிடக்கும் நிலையில்தான் நாங்கள் இருந்தோம். உங்கள் வீட்டுக் கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள், அடுத்தது அடுப்பு, தானியம் அதற்குப் பிறகு.

எத்தனை நாளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் 72 மணி நேரமாவது தாங்கும்படி வீடுகள் தயாராக இருக்கட்டும் என்றது. ஸ்வீடன் 2018இலும் 2024இலும் வீடு வீடாகக் கையேடு அனுப்பியது, அங்கே பேச்சு ஒரு வாரம். ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். என்னைக் கேட்டால் மூன்று நாளில் தொடங்கினால் போதும். ஆனால் அந்த மூன்று நாள் முழுமையாக இருக்க வேண்டும்: தண்ணீர், எரிபொருள், உப்பு, எண்ணெய், தினமும் விழுங்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்து. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் பால்மாவுக்கு மாற்று கிடையாது, அதை முதலிலேயே எழுதிவிடுங்கள். காய்கனி இல்லையே என்று பதற வேண்டாம், வைட்டமின் சி இல்லாமல் உடல் சில வாரங்கள் தாங்கிக்கொள்ளும்.

இதற்காக ஒரே நாளில் கடையைக் காலிசெய்து வர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2020இல் உலகெங்கும் கடைத்தட்டுகள் வெறுமையானபோது அதிகம் அடிபட்டவர்கள் அன்றன்று கிடைக்கும் கூலியில் அன்றன்று வாங்குகிறவர்கள். வழக்கமாக வாங்கும்போது, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் பொருளில் ஒன்றே ஒன்று கூடுதலாக வாங்குங்கள். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுங்கள். ஜப்பானியர்கள் சொல்லிக்கொடுக்கும் சுழற்சி முறையும் இதுதான். வாங்கிய மாதத்தை டப்பாவின் மேல் எழுதி ஒட்டியிருந்தால் அந்தப் பயறு எங்கள் வீட்டில் இறுகிப் போயிருக்காது.

எதை எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதில் ஒரு குறிப்பு. தீட்டிய வெள்ளை அரிசி ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஆறு மாதத்திலேயே காறல் வாடை வரத் தொடங்கும், ஆகவே அதைக் குறைவாக வைத்து அடிக்கடி மாற்றுங்கள். அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடும், மேலே பார்த்தால் தெரியாது. சிறிய அளவு என்றால் உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தெடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிடலாம். உப்பிய தகர டப்பாவை மட்டும் திறந்து ருசி பார்க்காதீர்கள், அப்படியே எறிந்துவிடுங்கள்.

சோதனை முடிந்து இப்போது மூன்று வாரம் ஆகிறது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எது முதலில் தீருமோ அது முதல் வரியில், பென்சிலால். வேகாத பயறு போய்விட்டது, அந்த இடத்தில் அரை மணியில் குழையும் உடைத்த பருப்பு. உப்பு மூன்று பொட்டலம். மூடிபோட்ட சுத்தமான கலன்களில், வெயில் படாத மூலையில், நாற்பது லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தேதி குறித்திருக்கிறேன். நாற்பது லிட்டர் என்றால் எங்களுக்கு ஐந்து நாள். தாளின் முதல் வரியில் இன்னும் தண்ணீர்தான் இருக்கிறது.

வணக்கம்.