சிரிப்பு யார் பக்கம் பாய்கிறது?

நண்பர்களே, அமெரிக்க நாவலில் அவல நகைச்சுவை, அதாவது சாவையும் கொடுமையையும் சொல்லியே சிரிக்க வைப்பது, என்றாலே நம் பேச்சு ஜோசப் ஹெல்லர், கர்ட் வானெகட் என்று அறுபதுகளிலேயே நின்றுவிடுகிறது. இருவரும் இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்கள், பெரிய எழுத்தாளர்கள். ஆனால் அந்த மரபு இன்றும் எவ்வளவு உக்கிரமாக உயிரோடிருக்கிறது என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட்டின் 'தி ட்ரீஸ்' சாட்சி. 2021-ல் வந்த நாவல்.

அதன் வேர் 1955 ஆகஸ்டில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்தின் மணி (Money) என்ற சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று சொல்லிக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆலோசித்து, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. மறு ஆண்டே அவர்கள் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுவிக்கப்பட்டவர்களை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

எவரெட்டின் கதை அதே ஊரில், நம் காலத்தில் நடக்கிறது. கொலையாளிகளின் குடும்பத்து ஆண்கள் கோரமாகச் செத்துக் கிடக்கிறார்கள். அருகில் ஒரு கறுப்பினத்தவரின் பிணம். அது பிணவறையிலிருந்து காணாமல் போய், அடுத்த கொலை நடந்த இடத்தில் கிடக்கிறது. உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் திருதிருவென்று விழிக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கிறோம். ஆனால் கவனியுங்கள், அந்தச் சிரிப்பு ஒரு தடவைகூடச் செத்துப்போன சிறுவன் பக்கம் திரும்புவதில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர்கள்மீதே பாய்கிறது.

பிறகு மாமா ஸீ (Mama Z, ஸீ அம்மா) என்ற மூதாட்டியின் வீடு வருகிறது. தான் பிறந்த ஆண்டு முதல் கும்பல் அடித்துக் கொன்றவர்கள், போலீஸ் சுட்டுக் கொன்றவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்திருக்கிறாள். டேமன் த்ரஃப் என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் அவற்றைப் படித்து, பெயர்களைப் பென்சிலால் எழுதத் தொடங்குகிறார். எழுதி முடித்ததும் அழித்து, அவர்களை விடுவிக்கப் போவதாகச் சொல்கிறார். அடுத்து வெறும் பெயர்கள், பக்கம் பக்கமாக. அங்கே ஒரு நகைச்சுவையும் கிடையாது. எவரெட்டின் அறம் இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கொலையைச் சிரிப்பாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும், அதாவது மத்திய அரசின் சட்டப்படி தண்டிக்க வழி செய்யும், மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதலில் வந்தது 1900-ல். எம்மெட் டில் பெயரில் அது சட்டமானது 2022 மார்ச்சில். அந்த நாட்டில் உட்கார்ந்து எழுதும் ஒருவரிடம், ஏன் சிரிக்க வைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.