டைட்டில் கார்டில் தமிழ் படித்தவர்கள்

(மும்பை மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இதே மாட்டுங்காவில், அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் தாராவியில் வளர்ந்தவன், படித்தது இந்தி மீடியம். வீட்டில் அரிச்சுவடி கிடையாது. அப்பா இரவுக் காட்சிக்குக் கூட்டிப்போவார். டைட்டில் ஓடத் தொடங்கியதும் காதோரம் குனிந்து வாசித்துக் காட்டுவார். "இசை." "ஒளிப்பதிவு." "சண்டைப் பயிற்சி." நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும். அடுத்த படத்தில் அந்தச் சொல்லைப் பிடித்துவிடுவேன். என் தமிழ் அப்படி வந்தது. இன்றைக்கு அந்தேரியில் டைட்டில் வடிவமைத்துப் பிழைக்கிறேன்.

டைட்டிலின் முதல் கடமை உழைத்தவர்களின் பெயரைச் சொல்வது. ஒரு லைட்மேன் வீட்டில் அந்த ஒரு வரிக்காகவே டிக்கெட் எடுப்பார்கள். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. லோக்கல் ரயிலில் நசுங்கி, வியர்வையோடு வந்து உட்கார்ந்த மனிதனை அந்தக் கதையின் ஊருக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் டைட்டிலுக்குத் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்கள். பெயர்கள் சீலை மேலேயே ஓடி முடியும். 1955-ல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' வந்தது. போதை ஊசிக்கு அடிமையான ஒருவனின் கதை. சால் பாஸ் என்ற வடிவமைப்பாளர் அதற்கு டைட்டில் செய்தார். கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கையாக மாறும். டைட்டிலுக்கு முன்பே சீலையை விலக்கிவிடுங்கள் என்று ஆபரேட்டர்களுக்குப் படப்பெட்டியிலேயே குறிப்பு போனது. இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும்.

அதே 1955-ல் கல்கத்தாவில் 'பதேர் பாஞ்சாலி'. அதை இயக்கிய சத்யஜித் ரே விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். பழைய சுவடியைப் பிரித்தாற்போலக் கையெழுத்து வங்காளத்தில் பெயர்கள் வரும், கூடவே ரவிசங்கரின் இசை. எழுத்தைப் பார்த்ததுமே கிராமத்துக்குள் போய்விடுகிறோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1992-ல் 'அண்ணாமலை'. தேவாவின் இசையோடு, புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று வந்தபோது எழுந்த விசில் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த எழுத்துகள் ஆங்கிலம். எழுத்தெழுத்தாக வருவது ஆங்கிலத்துக்குத் தோதானது. தமிழில் அப்படியே செய்தால் என்ன ஆகும்?

எனக்கே நேர்ந்தது இது. ஒரு படத்துக்கு 'தொகுப்பு' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வரவழைக்கச் சொன்னார்கள். கணினி 'தொ'வை மூன்றாக உடைத்தது. முதலில் ஒற்றைக்கொம்பு மட்டும் தனியாக வந்து நின்றது, பிறகு 'த', பிறகு கால். அரைநொடிதான், ஆனால் அந்த அரைநொடியில் திரையில் இருந்தது எந்த மொழியும் இல்லை. அந்த ஸ்டுடியோவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கண்ணில் அது படவே இல்லை. அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் முழு உருவமாகத் தனித்தனியே வரைந்து மாற்றினேன்.

அப்புறம் புள்ளி. மெல்லிய எழுத்து அழகு என்று வடிவமைப்பாளர்கள் நினைப்பார்கள். எழுத்து நகரும்போது முதலில் மங்குவது தலைமேல் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி. அது போனால் 'பாடல்' 'பாடல' ஆகிவிடும். அதனால் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வைப்பேன். தமிழ்ப் பெயர்கள் அகலமானவை. ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டத்தில் அடங்காது. அடக்கப் பார்த்தால் எழுத்து நசுங்கும். கட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பெயர் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். மனதுக்குள் இரண்டு தடவை நிதானமாக வாசித்துப் பார்க்கிறேன், அவ்வளவு நேரம்.

இதையெல்லாம் செய்ய அலுப்பாக இருப்பதால்தானோ என்னவோ, பல தமிழ்ப் படங்களில் பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வருகின்றன. இந்த ஊரில் பழைய இந்திப் படங்களைப் பாருங்கள். படத்தின் பெயரை இந்தி, உருது, ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் போடுவார்கள். நமக்கு நம் எழுத்து ஒன்றைப் போடவே இவ்வளவு தயக்கம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. என்னைப் போலத் திரையைப் பார்த்து எழுத்துக் கற்கும் பிள்ளை இன்றும் தாராவியில் இருக்கிறான். வீட்டில் பார்க்கும்போது டைட்டிலைத் தாண்டிப் போகப் பொத்தான் வேறு வந்துவிட்டது.

பேச்சு போதும். 'ஒளிப்பதிவு' என்ற ஒரே சொல்லை இரண்டு விதமாகச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். முதலில் கணினி உடைத்துத் தந்தது, அடுத்தது நான் கையால் வரைந்தது. தம்பி, விளக்கை அணைத்துவிடுங்கள். முன்வரிசைப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கலாம்.