ஐந்தரை இலட்சமும் அதற்கு மேலும்

வணக்கம் நேயர்களே. போருக்குப் பின்னரான மீள்கட்டுமானத்தில் வெளிநாட்டு உதவி பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கிடைத்திருக்கிற நேரத்துக்குள் அதைக் கரை காண முடியாது. ஆகவே எனக்கு நேரில் பழக்கமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இந்திய வீட்டுத்திட்டம். அது வன்னியில் நடந்த காலத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக அத்திவாரம் அளந்தும் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்தும் திரிந்தவன் நான். எனவே இது கட்டடக்காரன் ஒருவனின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. அந்த வீடுகளை யார் கட்டினார்கள்? இந்தியா கட்டிக்கொடுத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வீட்டு வாசலில் பதித்த பலகையும் அப்படித்தான் சொல்கிறது. அது பொய்யும் இல்லை, முழுக்கணக்கும் இல்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச டெல்லி சென்றிருந்தபோது 50,000 வீடுகள் என்ற அறிவிப்பு வந்தது. முதல் 1,000 வீடுகள் பரீட்சார்த்தத் திட்டம். 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்து அரியாலையில் அதைத் தொடங்கிவைக்க இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவே வந்தார். அந்த ஆயிரத்தையும் ஒப்பந்தகாரர்கள்தான் கட்டினார்கள். முடிவதற்கு 2012 ஜூலை ஆகிவிட்டது. ஆயிரம் வீட்டுக்கு இவ்வளவு காலம் என்றால் ஐம்பதாயிரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2012 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த நாளில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையையே மாற்றினார்கள். வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகள். ஒப்பந்தகாரர் கிடையாது. பணம் வீட்டுக்காரரின் கையிலேயே போகும், அவரே கட்டுவார். புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, சேதமான வீட்டைத் திருத்துவதற்கு இரண்டரை இலட்சம். மலையகத் தோட்டங்களுக்கென்று 4,000 வீடுகள் தனியாக ஒதுக்கப்பட்டன. எல்லாம் சேர்த்து இந்திய ரூபாவில் 1,372 கோடிக்கு மேலே, முழுவதும் நன்கொடை. ஐ.நா. ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகாரசபை, ஹபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி ஆகியவை களத்தில் நின்று நடைமுறைப்படுத்தின.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. இந்திய அரசின் செலவில் வந்த குழுக்களும் வேறு நாடுகளின் நிதியில் இயங்கிய அமைப்புகளும் வளவு வளவாகத் துப்புரவு செய்து கொடுத்த பிறகுதான் நாங்கள் அளவு நாடாவோடு உள்ளே போனோம். அந்த வேலை செய்தவர்களைப் பற்றித் தனியாகவே ஒருநாள் பேச வேண்டும்.

சரி, பணம் எப்படி வந்தது? கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். இடையில் யாருடைய கையும் இல்லை. எங்கள் ஊர் அனுபவத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் மொத்தமாக வராது, கட்டங்கட்டமாகத்தான் வரும். ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பிவிட்டதா, கூரை ஏறிவிட்டதா என்று எங்களைப் போன்றவர்கள் போய்ப் பார்த்து, படமெடுத்து, கையெழுத்து வைக்க வேண்டும். சீமெந்துக் கல்லைக் கையால் தூக்கி நிலத்தில் போட்டுப் பார்ப்போம். நல்ல கலவையில் அரிந்து, அதாவது அச்சில் வார்த்து, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றி இறுக்கிய கல் உடையாது. அவசரத்துக்கு அரிந்த கல் பிட்டாகக் கொட்டுண்டுவிடும். அந்தக் கல்லை வைத்துக் கட்டாதே என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த தவணை தள்ளிப்போகும், அதுவரைக்கும் தகரக் கொட்டிலுக்குள்தான் சீவியம். மாசி, பங்குனி வெயிலில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் அரைமணி நேரம் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

திட்டத்தின் வரைபடத்தில் 500 சதுர அடியை ஒட்டிய வீடு: இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. பத்துப் பேர் கட்டினால் அதில் பலர் அதைவிடப் பெரிதாகத்தான் தொடங்கினார்கள். மேலிடத்துக் கூட்டங்களில் இதைப் பெரிய குறையாகப் பேசுவார்கள். 'சனம் ஆசைப்பட்டுப் பெரிசாகக் கட்டிக் கடன்படுது' என்பது அந்நாளில் அடிக்கடி கேட்ட வசனம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வடக்கில் ஒரு தாய்க்கு வீடென்பது மகளுக்குக் கொடுக்கிற சீதனம். மகளின் கலியாணப் பேச்சில் முதலில் வருகிற கேள்வியே வீடு இருக்கிறதா என்பதுதான். வளவு முழுக்கத் தரைமட்டமாகி, நகையெல்லாம் முள்ளிவாய்க்காலோடு போய், கையில் எஞ்சியிருக்கிற ஒரே வாய்ப்பு இந்த வீடு என்றிருக்கும்போது, அவள் இன்னொரு அறைக்குச் சேர்த்து அத்திவாரம் வெட்டியதை ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, நாள் பார்க்கிற விஷயம். திட்டத்துக்கு அதன் கால அட்டவணை, சனத்துக்குப் பஞ்சாங்கம். ஆசாரி வந்து நிலையம் எடுத்து, அதாவது வளவில் வீட்டுக்கு இடம் குறித்து, வாசல் எந்தத் திசை என்று சொல்லாமல் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். மார்கழியில் தொடங்க மாட்டார்கள். நிலை வைப்பதற்கு நல்ல நேரம் விடியற்காலை ஐந்து மணி என்றால் மேசன் அந்த நேரத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் அடுத்த நாள் எப்போதென்று திரும்பவும் பார்க்க வேண்டும். மாதமுடிவு அறிக்கையில் 'முன்னேற்றம் மந்தம்' என்று எழுதப்பட்ட சில வீடுகள் உண்மையில் ஆடி மாதம் கழியக் காத்திருந்த வீடுகள். அறிக்கையில் அதற்கொரு நிரல் இருக்கவில்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். ஐந்தரை இலட்சம் என்று தீர்மானித்த காலத்தில் அது சிறிய வீடொன்றுக்கு ஓரளவு கிட்டவந்த தொகைதான். அதே மாவட்டத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடு கட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. கூலி ஏறியது. தெற்கிலிருந்தெல்லாம் மேசன்மார் வந்து தங்கி வேலை செய்தார்கள். மணல் இன்னும் மோசம். ஆற்று மணல் அள்ளவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் உழவு இயந்திரக்காரர் சொல்வதுதான் விலை. யாழ்ப்பாணத்தில் மணல் அள்ள ஆறே இல்லை. மணற்காடு, அம்பன் பக்கத்து மணல் மேடுகளின்மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. கூரைக்குப் பனைச் சிலாகை வேண்டும். வன்னியிலோ ஷெல்லடியில் தலையறுந்த பனைகள்தான் வரிசையாக நின்றன. ஷெல் துண்டுகள் உள்ளே ஏறியிருக்கிற மரத்தை அரிந்தால் வாள் பழுதாகும் என்று மரக்காலைக்காரர் தட்டிக் கழித்தார்கள். உயிரோடு நின்ற பனையைத் தறிப்பதற்கும் அனுமதி எடுக்க வேண்டும்.

இப்படியாக வீட்டின் செலவு ஏறிக்கொண்டே போனது. தொகை ஏறவில்லை. கடைசித் தவணை முடிந்தபோது பல வீடுகளில் பூச்சு இல்லை, நிலத்துக்குச் சீமெந்து இல்லை, உள்ளறைகளுக்குக் கதவு இல்லை. மிச்சத்தை யார் போட்டார்கள்? வெளிநாட்டில் பிள்ளையோ சகோதரமோ இருந்தவர்களுக்கு அங்கிருந்து காசு வந்தது. அது இல்லாதவர்கள் இருந்த காப்பையும் சங்கிலியையும் அடைவு வைத்தார்கள். ஆண்துணை உள்ள வீடுகளில் கல் அரிவது, மண் சுமப்பது, கிணற்றுத் தண்ணீர் இழுப்பது எல்லாம் வீட்டு ஆட்களே செய்து கூலியை மிச்சம்பிடித்தார்கள். கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்றே தெரியாத பெண்களின் வீடுகளில் எல்லாவற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. பயனாளிகளைத் தெரிவுசெய்யப் போட்ட புள்ளியில் அவர்களுக்கு முன்னுரிமை இருந்தது உண்மை. ஆனால் கிடைத்த தொகை எல்லோருக்கும் ஒன்றே. அதிகம் கைக்காசு போட நேர்ந்தது யாரிடம் குறைவாக இருந்ததோ அவர்களிடம்தான். என்னுடைய முறைப்பாடு இது ஒன்றுதான்.

நுண்கடன் கம்பனிகள் வன்னிக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் இதே காலத்தில். வீட்டுத்திட்டம் ஒன்றினால்தான் சனம் கடனாளியானது என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆனால் கூரையை ஏற்ற வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு வேறொன்று என்று போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் 2018இல், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

அப்படியானால் ஒப்பந்தகாரர் முறையே மேலா? இல்லவே இல்லை. 2015க்குப் பின்னர் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றொரு யோசனை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து பொருத்துகிற வீடு. ஒன்றின் விலை கல்வீட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் மேசனுக்கு அதில் வேலை இல்லை, கல் அரிபவருக்கு இல்லை, பழுதானால் திருத்த ஊரில் ஆளும் இல்லை. பாராளுமன்றத்திலும் வெளியிலும் கடும் எதிர்ப்பு எழுந்து, அந்த அளவில் அது நடக்கவேயில்லை. நல்லகாலம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்தின் பெரும்பங்கு ஊருக்குள்ளேயே சுற்றியது: மேசனுக்கு, தச்சனுக்கு, உழவு இயந்திரக்காரருக்கு, சந்தியில் புதிதாகத் திறந்த சீமெந்துக் கடைக்கு. எங்களோடு கையாளாக வந்து சாந்து குழைத்த பொடியன்கள் சிலர் இன்றைக்கு ஆட்கள் வைத்து வேலை செய்விக்கிற மேசன்மார். அதனால் பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தது சரி. தொகையைப் பூட்டி வைத்ததுதான் பிழை. சீமெந்து, கூலி விலைகளைப் பார்த்து ஆண்டுக்கொருமுறை தொகையைத் திருத்த ஒரு வழி வைத்திருந்தால் போதும்.

இது நடைமுறையில் இயலாத காரியம் என்று சொல்ல முடியாது. அதே இந்தியா, அதே நாட்டில், செய்து காட்டியிருக்கிறது. மலையகத்தின் 4,000 வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கு ஒன்பதரை இலட்சம் கொடுத்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்தின் நோர்வூட்டில் வைத்து இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவை இழுபட்டு இழுபட்டு, 2022 நெருக்கடியில் எல்லா விலையும் எகிறிய பிறகு, ஒரு வீட்டுக்கான தொகையை 28 இலட்சமாக உயர்த்தினார்கள். வன்னியில் 2013இல் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டது பிறகு முடிந்திருக்கிறது.

உதவி என்கிற பெயரில் நன்கொடையும் கடனும் ஒன்றாகக் கலந்து பேசப்படுவதையும் சொல்லியாக வேண்டும். 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபர் 13இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது சனம் நிலையத்துக்குத் திரண்டது. பாதையைப் போட்டது இந்திய நிறுவனமான இர்கொன். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ பங்கர்களுக்குப் போய்விட்டதால் எல்லாமே புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஆனால் அது சலுகை வட்டிக் கடன். திருப்பிக் கட்டுவது நாங்கள்தான், தென்னிலங்கைக்காரரும் சேர்த்து. வேலை நன்றாக நடந்தது, அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் நன்றி சொல்கிற இடத்தில் எது கொடை, எது கொள்முதல் என்று தெரிந்து சொன்னால் நல்லது.

அப்புறம் காணி. பயனாளிப் பட்டியலில் வருவதற்குக் காணி வேண்டும், காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்தவர்களிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கும்? கிராம சேவையாளர் ஊரறிய உறுதிப்படுத்தி, பிரதேச செயலகம் ஏற்றுக்கொண்டு ஓரளவு சமாளித்தார்கள். ஆனால் காணியே படையினரிடம் இருந்தவர்களுக்கு எந்த நாடு எத்தனை கோடி கொடுத்தும் பயனில்லை. முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் முகாம் வாசலில் பந்தல் போட்டுக் குந்தியிருந்தது வீடு கேட்டு அல்ல. வலிகாமம் வடக்கில் காணி விடுபட்டு வந்தபோது வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து பிந்தி வந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

கடைசியாக ஒன்று, இது இந்தியாவைப் பற்றியது அல்ல. 2018, 2019இல் நம்முடைய அரசாங்கமே தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஊடாக இதேபோலக் கட்டங்கட்டமாகப் பணம் கொடுத்து வீடு கட்டுவிக்கிற 'மாதிரிக் கிராமம்' என்ற திட்டத்தை நடத்தியது. 2019 முடிவில் ஆட்சி மாறியதும் தவணைகள் நின்றுபோயின. முதல் தவணையை நம்பிக் கொட்டிலைப் பிரித்தவர்கள் அரைச்சுவரோடு நின்றார்கள். சிலருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது, சிலர் கடன்பட்டு முடித்தார்கள். அந்த அரைச்சுவர்களுக்கு இப்போது மிச்சத் தவணையைக் கொடுப்பதென்றால் அன்றைய தொகையில் கூரைக்குச் சீற்றுகூட வாங்க முடியாது. அந்தந்தப் பிரதேச செயலகங்களில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. முதலில் அதை எடுத்து, இன்றைய விலையில் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும்.

நன்றி, வணக்கம்.